பச்சைக் குகையும் பக்கத்துத் தெருக்காரரும்

எங்கள் வீட்டில் முதலில் செத்தது நத்தை. நத்தை செத்துவிட்டது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று எனக்கு அப்போது தெரியாது. உயிரோடு இருக்கும்போதே அது பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு, தாலுக்கா ஆபீசில் மனு நகர்கிற வேகத்தில் நகரும். அன்று காலையில் மணலில் மல்லாந்து கிடந்தது. தூங்குகிறது போல என்று விட்டுவிட்டு வேலைக்குப் போனேன். சாயங்காலம் வந்து பார்த்தால் அதே இடம், அதே கிடை. துணைக்கு இன்னொன்றும் வந்து படுத்திருந்தது.

அம்மா தொட்டிக்கு மேலே மூக்கை நீட்டிப் பார்த்துவிட்டு, "என்னாடா, கருவாட்டு நாத்தம் அடிக்குது?" என்றாள்.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. எனக்குத் தெரிந்து விருத்தாசலத்தில் வீட்டுக்குள் கடலை வைத்திருந்தது நாங்கள் மட்டும்தான். மூன்றடி நீளக் கண்ணாடித் தொட்டி. அதற்குள் கடல் தண்ணீர், கடல் மணல், நாலைந்து கடல் கற்கள். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன் ஒரு ஜோடி, மை நீலத்தில் குட்டி மீன்கள் மூன்று, ஒரு சிவப்பு இறால், ஐந்து நத்தை. தொட்டி என்னுடையது இல்லை, என் மனைவியுடையது. அவள் விலங்கியல் பட்டம் வாங்கியவள். கல்லூரியில் படிக்கும்போது ஒருமுறை பரங்கிப்பேட்டை கடற்கரைக்குக் கூட்டிப் போயிருக்கிறார்கள். அன்றைக்குப் பிடித்த பைத்தியம். கல்யாணத்துக்கு என்ன வேண்டும் என்று அவள் அண்ணன் கேட்டபோது, பீரோ, கட்டில் என்று சொல்லாமல் இதைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். பெண்ணாடத்திலிருந்து சீர் வரிசை வந்த வேனில் தொட்டியைப் பார்த்துவிட்டு எங்கள் தெரு, மாப்பிள்ளை வீட்டார் மீன் கடை போடப் போகிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டது.

நான் எட்டாம் வகுப்பு. அதுவும் முழு எட்டு இல்லை. அரைப்பரீட்சை லீவில் கைச்செலவுக்காகச் செராமிக் கம்பெனிக்குப் போனவன், லீவு முடிந்தும் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பவில்லை. பள்ளிக்கூடமும் என்னைத் தேடி வரவில்லை. பதினான்கு வருஷமாக எனக்கு வேலை கிளேஸ் கலப்பது. காய்ந்த மண் ஜாடியை, பொம்மையை, உண்டியலை நிறக்குழம்பில் முக்கி எடுத்துக் கொடுத்தால் சூளைக்குப் போகும். வெந்து வரும்போது பளபளவென்று பீங்கானாக இருக்கும். அந்தக் குழம்புதான் கிளேஸ்.

படிப்பை விட்டதால் எனக்குக் கவலைப்பட நிறைய நேரம் கிடைத்தது. பஸ்ஸில் ஏறினால் பிரேக்கைப் பற்றிக் கவலை, இறங்கினால் பையை வைத்துவிட்டு வந்தேனா என்று கவலை. ஒன்றும் இல்லாத நாளில், இன்றைக்கு ஏன் ஒன்றும் இல்லை என்று கவலை. அப்படிப்பட்ட ஆளிடம் என் மனைவி, ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து தாய் வீட்டுக்குப் போகும்போது, தொட்டியை ஒப்படைத்துவிட்டுப் போனாள்.

"மத்ததெல்லாம் ஒண்ணு ரெண்டு கொறஞ்சாலும் பரவால்லைங்க. இந்த ஜோடி மட்டும் நான் புள்ளையோட திரும்பி வர்ற வரைக்கும் இருக்கணும்."

"இருக்கும். நான் பாத்துக்க மாட்டனா?"

வேனில் ஏறி உட்கார்ந்திருந்த மாமியார் அங்கிருந்தே சிரித்துக்கொண்டு சொன்னார்: "மீனுக்குத் தண்ணி மாத்தறத வச்சித்தான் புள்ளைக்குத் துணி மாத்துவாரா மாட்டாரான்னு பாக்கணும்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேன் கிளம்பிப் போன பிறகு அந்த வாக்கியம் மட்டும் இறங்கி என்கூட வீட்டுக்குள் வந்துவிட்டது. மீன் செத்தால், புள்ளை பெற லாயக்கில்லாதவன் என்று ஒரு சர்டிபிகேட் வரும் என்றே நம்பினேன்.

அவள் போகும் முன்பே நான் ரகசியமாக ஒரு காரியம் செய்து வைத்திருந்தேன். கோமாளி மீன்கள் ஒளிந்து விளையாட ஒரு குகை. களிமண்ணில் நானே பிடித்தது. இரண்டு வாசல், மேலே ஒரு ஜன்னல். அவள் திரும்பி வந்து தொட்டியைப் பார்க்கும்போது, உள்ளே என் கையால் செய்த வீட்டில் அவள் ஜோடி குடித்தனம் நடத்த வேண்டும். எட்டாம் வகுப்புக்காரன் பட்டதாரிக்குக் கொடுக்கக்கூடியது வேறு என்ன இருக்கிறது?

எங்கள் ஊர்க் கம்பெனிகளில் இது ஒரு வழக்கம். கம்பெனிச் சரக்கோடு சரக்காக ஆளாளுக்குச் சொந்தமாக எதையாவது சூளைக்குள் செருகிவிடுவார்கள். மச்சான் வீட்டுக் குத்துவிளக்கு மாடம், கொழுந்தியாள் வீட்டுப் பூச்சட்டி. முதலாளிக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருப்பார். ஒரே நிபந்தனை, சொந்தச் சரக்குக்கு நடுத்தட்டு கிடையாது. நடுத்தட்டில்தான் நெருப்பு சீராக ஏறும். அது கம்பெனிக்கு. நமக்குக் கதவோரம் அடித்தட்டு, குளிர்ந்த மூலை. அங்கே வைத்ததும் வேகும். ஆனால் அரை மனசாக வேகும்.

குகைக்குப் பச்சை அடித்தேன். ஒரு முக்குப் போதும். அன்பு மிகுதியில் மூன்று முக்கு முக்கினேன். வெந்து வந்தபோது கரும்பச்சையாக, அங்கங்கே மேலே கறுப்பாகப் படலம் கட்டியிருந்தது. சூளைக்காரர் அதை வெளியே எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னாடா இது, பாசி புடிச்ச சாக்கடை மூடி மாதிரி இருக்குது?"

"மீனுக்கு வூடுண்ணே."

"நீயே வாடகை வூட்டுல குந்திக்கினு கெடக்குற. மீனுக்குச் சொந்த வூடா?"

மனைவி பெண்ணாடம் போன அன்று மாலையே குகையை நன்றாகக் கழுவித் தொட்டிக்குள் இறக்கினேன். கோமாளி ஜோடி பத்து நிமிஷம் தூரத்தில் நின்று பார்த்தது. பிறகு பெரியது உள்ளே போனது. சின்னது வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் பின்னாலேயே நுழைந்தது. எனக்கு ஏற்பட்ட பெருமையைச் சொல்லி மாளாது. என் வாழ்க்கையில் நான் செய்த பொருளை இவ்வளவு சீக்கிரம் யாரும் ஏற்றுக்கொண்டதில்லை.

மூன்றாம் நாள்தான் நத்தை மல்லாந்தது.

ஆறாம் நாளுக்குள் ஐந்து நத்தையும் முடிந்தது. அடுத்து இறால். அது செத்த விதம் நன்றாக இல்லை. காலெல்லாம் வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டு, மின்சாரம் பட்டது மாதிரி துடித்துத் துடித்து அடங்கியது. மின்சாரம் என்று தோன்றியவுடன் மோட்டார் வயரைப் பிடுங்கினேன். பிடுங்கினால் காற்று நின்று மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. மறுபடி செருகினேன். கரண்ட் போய்விட்டது. அந்த வருஷம் கரண்ட் போவதும் வருவதும் மின்வாரியத்துக்கே தெரியாத ரகசியமாக இருந்தது. விசிறிமட்டையை எடுத்துத் தண்ணீருக்கு மேலே வீசிக்கொண்டு உட்கார்ந்தேன்.

"மீனுக்கு வேர்க்குதாடா?" என்றாள் அம்மா.

தினமும் சாயங்காலம் மனைவி பெண்ணாடத்திலிருந்து போன் செய்வாள். அவளுக்குப் பிரஷர் கொஞ்சம் கூடுதலாக இருக்கிறது, மனசுக்குக் கஷ்டம் தரக்கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அதனால் நான் பொய் சொன்னேன்.

"எல்லாம் நல்லாருக்குதா?"

"நல்லா இருக்குது."

"இறாலு?"

"அதுவா? ஓஞ்சி படுத்திருக்குது."

இறாலை அந்த நேரம் முருங்கை மரத்தடியில் புதைத்து முடித்திருந்தேன்.

தண்ணீர்தான் கெட்டிருக்க வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை பரங்கிப்பேட்டைக்குக் கிளம்பினேன். மனைவி எழுதி வைத்த நோட்டில் அப்படித்தான் இருந்தது: சந்தேகம் வந்தால் பாதித் தண்ணீரை மாற்றவும். எனக்குச் சந்தேகம் வராத நாளே கிடையாது. ஆனால் இது நிஜமான சந்தேகம். கரையோரத் தண்ணீர் கலங்கலாக இருக்கும் என்பதால் படகுக்காரர் ஒருவரைக் கெஞ்சி, தள்ளிப்போய் மொண்டு வரச் செய்து, நான்கு கேன் நிரப்பிக்கொண்டு பஸ் ஏறினேன்.

"என்னாய்யா அது கேன்ல?" என்றார் கண்டக்டர்.

"கடல் தண்ணிங்க."

"கடல் தண்ணியா? மூடியத் தொற." திறந்தேன். மோந்து பார்த்தார். விரலை விட்டு நக்கியும் பார்த்தார். முகம் கோணியது. "அட, நெசமாவே கடல் தண்ணி! இதையாய்யா காசு குடுத்து ஏத்திக்கினு போற?"

பஸ் முழுக்கச் சிரித்தது. சேத்தியாத்தோப்பு தாண்டும் வரையில் ஆளாளுக்கு எனக்கு வைத்தியம் சொன்னார்கள். மீனுக்கு இல்லை, எனக்கு.

புதுத் தண்ணீர் ஊற்றியதும் மீன்கள் தெளிந்தன. இரண்டு நாள் தொட்டி கல்யாண வீடு மாதிரி இருந்தது. மூன்றாம் நாள் நீலக் குட்டி ஒன்று கல்லில் போய் மோதிக்கொண்டு சுற்றியது, மதியத்துக்குள் மிதந்தது. மறுநாள் இரண்டாவது. அதற்கு மறுநாள் மூன்றாவது. மிச்சம் கோமாளி ஜோடி மட்டும். அவை குகையை விட்டு வெளியே வரவே பயந்தன. பயந்தவர்களுக்கு வீடாவது இருக்கிறதே என்று ஆறுதல் பட்டேன்.

கடைசி நீலக்குட்டியை எடுக்கும்போது, தண்ணீர் மேல் வெள்ளையாகத் தூசி மிதந்ததைப் பார்த்தேன்.

"யம்மா, என்னா போட்ட தொட்டில?"

"நான் ஒண்ணும் போடல."

"யம்மா."

"திருநூறுடா. ஒரு சிட்டிகைதான். கண்ணு பட்டுப்பூட்டுது, அதான்."

"மீனு செத்துப்பூடும்மா அதுல!"

"சாமி திருநூறுல செத்தா மோட்சத்துக்குத்தான் போவும். நீ போட்ட சோத்துல செத்துதே, அது எங்க போவும்?"

அவள் போட்டது அன்று காலைதான். நத்தை செத்து வாரம் தாண்டிவிட்டது. ஆக அம்மாவை விடுதலை செய்ய வேண்டியதாயிற்று. கொசுவத்தியை நிறுத்தினேன். தாளிப்பதற்குக் கதவைச் சாத்தச் சொன்னேன். பக்கத்து வீட்டில் சுண்ணாம்பு அடித்ததற்குப் போய்ச் சண்டை போட்டேன். எதுவும் உதவவில்லை.

அம்மா, மணவாளநல்லூர் கோயிலில் பிராது கட்டச் சொன்னாள். எங்கள் பக்கத்தில் களவு போனால், ஏமாற்றப்பட்டால், வயிறு எரிந்தால், போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகும் முன் அங்கே போவார்கள். வெள்ளைத்தாளில் சாமிக்கு மனு எழுதிக் கட்டிவிட்டு வந்தால், செய்தவனைச் சாமி தேடிப் பிடித்துவிடும். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. ஆனால் நம்பிக்கை இல்லாமல் போய், சாமி இருந்துவிட்டால் என்ன செய்வது? போனேன். அங்கே மனுவைப் பார்த்துக் கொடுக்கிற ஆள் என்னுடையதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"என்னாங்க, களவா?"

"களவு இல்லீங்க. சாவு."

"ஐயையோ. ஆருங்க?"

"நத்தை அஞ்சு, இறாலு ஒண்ணு, மீனு மூணு."

அவர் என்னையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். "எதிரி பேர எழுதாம வுட்டுட்டீங்க?"

"தெரியலைங்க."

"பேரு இல்லாம சாமி யாரப் போயிக் கேக்கும்? யாரு மேலயாச்சும் சந்தேகம்?"

"மொதல்ல செத்தது நத்தை. அது மேலதாங்க சந்தேகம்."

"செத்தது மேல பிராது எடுக்க முடியாதுங்க." சட்டம் படித்தவர் மாதிரி சொன்னார். "'தெரிஞ்சோ தெரியாமலோ செஞ்சவங்க'ன்னு எழுதுங்க. அது எல்லாத்துக்கும் பொருந்தும்."

எழுதினேன். கீழே, அம்மா சொல்லி அனுப்பியபடி, செய்தவன் கை விளங்காமல் போக வேண்டும் என்றும் எழுதிக் கட்டிவிட்டு வந்தேன்.

அன்று சாயங்காலம் போனில் என் புத்தி ஒரு வேலை செய்தது. நேராகக் கேட்டால் அவளுக்குப் பிரஷர் ஏறும். எனவே வேறு ஆளாக்கிவிட்டேன்.

"பக்கத்துத் தெருவுல ஒருத்தரு இருக்காரு. அவரு வூட்டுத் தொட்டில நத்தையெல்லாம் சாவுதாம். ஒன்ன கேட்டுச் சொல்லச் சொன்னாரு."



"கடல் தண்ணித் தொட்டியா?"

"ஆமா."

"விருத்தாசலத்துல? ரெண்டாவதா ஒண்ணு?"

"புதுசா வச்சிருக்காரு."

"சரி," என்றாள். குரல் மாறவில்லை, அதுவே எனக்கு உறைத்திருக்க வேண்டும். "அவரு வூட்டுல மொதல்ல எது செத்துது?"

"நத்தை. அப்பறம் இறாலு. அப்பறம் நீலக்குட்டிங்க."

"கோமாளி வச்சிருக்காரா அவரு?"

"ஒரு ஜோடி."

"உசுரோட இருக்குதா?" இதைக் கேட்டபோதுதான் அவள் குரல் லேசாக இறங்கியது.

"இருக்குது. ஆனா மூச்சு வாங்குது."

"தண்ணி மாத்தினாரா?"

"பரங்கிப்பேட்டைலேருந்து நாலு கேனு. ரெண்டு நாளு நல்லா இருந்துது. மறுபடி பழையபடி."

"அப்ப தண்ணில இல்ல. தொட்டிக்குள்ளயே ஏதோ இருந்துக்கிட்டு எறங்கிக்கிட்டே இருக்குது. நோவுன்னா மீனுக்குத்தான் மொதல்ல வரும். நத்தையும் இறாலும் மொதல்ல போச்சின்னா அது செம்பா இருக்கும். காப்பர். எலும்பில்லாததுங்கள மொதல்ல கொல்லும், அப்பறம் மீனு. அவரு மயில்துத்தம், மருந்து ஏதாச்சும் ஊத்தினாரா?"

"இல்ல."

"செம்புக் கம்பி? காசு? புதுசா எதையாச்சும் உள்ள வச்சாரா?"

குகையைச் சொல்லியிருக்கலாம். சத்தியமாக அது எனக்குப் 'பொருள்' என்று தோன்றவில்லை. அது பரிசு. அதோடு, சொன்னால் ரகசியம் போய்விடும். அதோ வெறும் மண், நெருப்பில் வெந்தது, அதற்கும் செம்புக்கும் என்ன சம்பந்தம்?

"ஒண்ணும் வச்ச மாதிரி தெரியல. கேட்டுச் சொல்றேன்."

"நல்லா ஞாபகப்படுத்திப் பாக்கச் சொல்லுங்க அவர. சீக்கிரம் சொல்லச் சொல்லுங்க."

போனை வைத்துவிட்டு மோட்டார், வயர், பல்பு என்று எல்லாவற்றையும் பிரித்துச் செம்பைத் தேடினேன். அம்மாவின் செப்புக்குடம் தொட்டியிலிருந்து எட்டடி தூரத்தில் இருந்தது. அதையும் கொல்லைக்கு மாற்றினேன்.

மறுநாள் காலை கம்பெனியில் பச்சை கலந்துகொண்டிருந்தேன். பொடி எப்போதும் அடியில் தங்கும். கையை முழங்கை வரை விட்டுத்தான் கலக்க வேண்டும். கலக்கும்போது எதிரே இருந்த சாக்குப்பையைப் பார்த்தேன். அச்சடித்த மை அழிந்துபோகும் என்று அதன் மேல் பெரிய எழுத்தில் நானே எழுதி வைத்திருந்தேன். காப்பர்.

பதினான்கு வருஷமாக அந்தப் பொடியை அள்ளிப் போடுகிறேன். கறுப்பாக இருக்கும், வெந்தால் பச்சையாகும். எங்களுக்கு அது 'பச்சை'. பச்சை எடுத்தா, பச்சை தீந்துபோச்சி, அவ்வளவுதான். செம்பு என்று மனைவி சொன்னபோது எனக்குக் குடமும் கம்பியும்தான் கண்ணில் தெரிந்தன. கை மட்டும் தினமும் அதற்குள்ளேயே இருந்திருக்கிறது.

அந்த நேரம் பார்த்துச் சூளைக்காரர் ஊறுகாய் ஜாடிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். வெளியே பச்சை, உள்ளே வெள்ளை. ஊறுகாய் ஜாடிக்கு உள்ளே பச்சை அடிக்கக்கூடாது என்பது எங்கள் ஊரில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லிக் கொடுப்பது. உப்பும் புளிப்பும் பச்சையை இழுத்துவிடும், சாப்பிடுபவன் வயிறு போய்விடும். சரியாக வேகாத பச்சை என்றால் கேட்கவே வேண்டாம். இதைப் புதிதாக வந்த பத்துப் பேருக்கு நானே சொல்லியிருக்கிறேன். சொல்லிவிட்டு, அரைகுறையாக வெந்த பச்சையை, மூன்று முக்கு முக்கி, உப்புத் தண்ணீருக்குள் இறக்கிவிட்டு, மேலே நின்று பெருமைப்பட்டிருக்கிறேன்.

"அண்ணே, நான் வூட்டுக்குப் போவணும்."

"என்னாடா, மூஞ்சி ஏன் இப்பிடி வெளுத்துப்பூட்டுது?"

"அந்தக் கொகை. தொட்டில இருக்குது. உப்புத்தண்ணி."

அவர் கையில் இருந்த ஜாடியின் உள்ளே ஒருமுறை பார்த்தார். என்னைப் பார்த்தார். "அடப் பாவி," என்றார். "போ. முதலாளி கேட்டா வயித்தால போவுதுன்னு சொல்றேன்."

சைக்கிளில் போகும்போது வலது கை மரத்துப்போன மாதிரி இருந்தது. பாலத்தில் ஏறும்போதுதான் மனுவில் எழுதியது ஞாபகம் வந்தது. செய்தவன் கை. இடது கையால் ஹேண்டில் பாரைப் பிடித்துக்கொண்டு, தெரிந்து செய்யவில்லை சாமி என்றேன். 'தெரிந்தோ தெரியாமலோ' என்று நானே எழுதியிருந்தேன். ஓட்டையை அடைத்துத்தான் கொடுத்திருந்தேன்.

வீட்டில் ஒரு கேன் கடல் தண்ணீர் மிச்சம் இருந்தது. பிளாஸ்டிக் பேசினை வெறும் தண்ணீரில் கழுவி, அதில் ஊற்றி, காற்று மோட்டாரை மாற்றினேன். சின்னது வலையில் உடனே வந்தது. பெரியது குகையை விட்டு வரமாட்டேன் என்றது. வலையை இந்த வாசலில் வைத்தால் அந்த வாசலுக்குப் போகும். ஜன்னல் வழியாக என்னைப் பார்க்கும். இரண்டு வாசல் வைத்தது என் கைங்கரியம். கடைசியில் குகையோடு தூக்கிப் பேசினுக்கு மேலே கவிழ்த்தேன். சொத்தென்று விழுந்தது.

அம்மா அன்று கேலி செய்யவில்லை. சமையலை விட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து குந்தினாள். பெரியது செவுளைப் பிளந்து பிளந்து மூச்சு வாங்கியது. சின்னது அதைச் சுற்றிச் சுற்றி வந்தது. பொழுது சாயும்போது பெரியது நின்றுவிட்டது.

போன் வந்தது.

"பக்கத்துத் தெருக்காரரு என்னா சொன்னாரு?"

"அது நான்தான்," என்றேன்.

"தெரியும். என்னா வச்சீங்க?"

சொன்னேன். குகை, மூன்று முக்கு, பச்சை, கதவோர மூலை, எல்லாம். நத்தையிலிருந்து நாள் வாரியாகச் சொன்னேன்.

"எத்தினி இருக்குது?"

"ஒண்ணு."

"பெருசா, சின்னதா?"

"சின்னது."

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிரஷர் என்று எனக்குப் பகீரென்றது. "ஒனக்குத் தல சுத்துதா? ஒங்கம்மாவ கூப்புடு," என்றேன்.

"நேத்தே கேட்டேன். புதுசா எதையாச்சும் வச்சாரான்னு கேட்டேன். நேத்து சொல்லியிருந்தா ரெண்டும் இருந்திருக்கும்." அவ்வளவுதான் சொன்னாள். பிறகு, "அந்த மணலு, கல்லு எதையும் வச்சிக்காதீங்க, செம்பு ஏறியிருக்கும். சின்னத பேசின்லயே வைங்க. தெனம் கொஞ்சம் தண்ணி மாத்துங்க. ஞாயித்துக்கெழம வாங்க. அந்தக் கொகைய எடுத்துக்கிட்டு வாங்க."

மணலையும் கற்களையும் வாரிக் கொட்டினேன். தொட்டி வெறும் கண்ணாடியாக நின்றது. மறுபடி பரங்கிப்பேட்டை போனேன். இந்த முறை கண்டக்டர் எதுவும் கேட்கவில்லை. எனக்காக முன் சீட்டுப் பக்கத்தில் கேன் வைக்க இடம் ஒதுக்கிக் கொடுத்தார். என் முகம் அப்படி இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலை அம்மாவைப் பேசினுக்குக் காவல் வைத்துவிட்டு, குகையைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு பெண்ணாடம் பஸ் ஏறினேன். மில்லுக்குப் போகிற கரும்பு டிராக்டர்கள் வழியை அடைத்துக்கொண்டு நின்றன. ஒரு மணி நேரப் பயணத்துக்கு இரண்டு மணி நேரம் பிடித்தது. அந்த இரண்டு மணி நேரத்தில் மாமியார் என்னென்ன கேட்பார் என்று நாற்பது கேள்வி தயார் செய்து, நாற்பதுக்கும் பதில் இல்லாமல் போய் இறங்கினேன். அவர் கேட்டது ஒன்றுதான். "காப்பியா, டீயா?"

மனைவி நாற்காலியில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். வயிறு நான் பார்த்ததைவிடப் பெரிதாகியிருந்தது. காகிதத்தைப் பிரித்துக் குகையை மடியில் வைத்துக்கொண்டாள். வாசலில் விரலை விட்டாள். ஜன்னலில் கண்ணை வைத்துப் பார்த்தாள்.

"ரெண்டும் இதுக்குள்ள போச்சிங்களா?"

"மொத நாளே."

"தூங்குச்சா?"

"பெருசு எப்பவும் இதுலதான்."

விரலை எடுத்துப் பார்த்தாள். நுனியில் லேசாகக் கறுத்திருந்தது. முந்தானையில் துடைக்கப் போனவள் நிறுத்திவிட்டுக் காகிதத்தில் துடைத்தாள். "வூடு நல்லாத்தாங்க கட்டியிருக்கீங்க," என்றாள். அதைக் கேட்டதும் எனக்குத் தாங்கவில்லை. அவள் திட்டியிருந்தால் சமாளித்திருப்பேன். கை வேறு இன்னும் மரத்த மாதிரியே இருந்தது. அதனால் எல்லாவற்றையும் ஒப்பிக்கிறேன் என்று மணவாளநல்லூர் விஷயத்தையும் சொல்லிவிட்டேன்.

"பிராதா? ஆரு மேல?"

"தெரிஞ்சோ தெரியாமலோ செஞ்சவன் மேல."

"உங்க மேலயே நீங்க பிராது குடுத்துக்கிட்டீங்களா?"

"கை விளங்காம பூடணும்னு வேற எழுதிட்டேன்."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். மாமியார் உள்ளேயிருந்து ஓடி வந்தார். மாமனார் பேப்பரைப் போட்டுவிட்டு வந்தார். எனக்குப் பிரஷரைப் பற்றிய கவலை வந்து, "போதும், போதும், சிரிக்காத," என்று கெஞ்சினேன். அது அவளை இன்னும் மோசமாக்கியது.

ஓய்ந்த பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "கோமாளில பெருசுதான் பொட்டை. அது செத்துட்டா சின்னது கொஞ்ச நாள்ல பொட்டையா மாறிடும். இயற்கைங்க அது. நீங்க அதுக்கு ஒரு கவலைய ஆரம்பிச்சிடாதீங்க."

ஆரம்பித்துவிட்டேன். அவள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

"ஒண்ணு மட்டும் சொல்லிடறேன்," என்றாள். "புள்ளைக்குன்னு எதையும் செஞ்சி எடுத்தாந்துடாதீங்க. எவர்சில்வரு போதும்."

கம்பெனியில் என் அலமாரியில் களிமண்ணில் பிடித்த பால் சங்கு ஒன்று, விரல் நீளத்துக்கு, காய்ந்துகொண்டிருந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியாது. வாயை மூடிக்கொண்டிருந்ததால் என்ன ஆனது என்பது பேசினில் ஒற்றையாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

"ஒரு சங்கு செஞ்சி வச்சிருக்கேன்," என்றேன்.

"ஏங்க!"

"வெந்துட்டுதா?" என்று மாமியார் கதவருகிலிருந்து கேட்டார்.

"இன்னும் சூளைல ஏத்தலைங்க. பச்சை கெடையாது. உள்ளயும் வெளியவும் வெள்ளைதான் அடிக்கப்போறேன். வேணாம்னா ஒடச்சிடறேன்."

மனைவி மடியிலிருந்த குகையைக் காகிதத்தில் மறுபடி சுற்றினாள். நான்கு பக்கமும் மடித்து, நிதானமாகச் சுற்றினாள். எனக்கு அந்த நேரம் ஒரு மாமாங்கமாகத் தெரிந்தது.

"ஒடைக்காதீங்க," என்றாள். "நடுத்தட்டுல வைக்கச் சொல்லுங்க."

நடுத்தட்டு கம்பெனிக்கு மட்டும் என்பதை அவளிடம் விளக்கவில்லை. திங்கட்கிழமை சூளைக்காரரிடம் கேட்டேன். முடியவே முடியாது என்றார். எதற்கு என்று சொன்னேன். தலையைச் சொறிந்துகொண்டே போய், நடுத்தட்டிலிருந்த முதலாளியின் ஊறுகாய் ஜாடி ஒன்றைக் கதவோர மூலைக்குத் தள்ளி வைத்தார்.